சிறைக் கதவைத் தட்டிய ஈஸ்ட் ஹாம் பெண்மணி: எலிசபெத் ஃப்ரை

இங்கிலாந்தில் 2002ஆம் ஆண்டு மே மாதம் முதல் 2017ஆம் ஆண்டு மே மாதம் வரை புழக்கத்தில் இருந்த ஐந்து பவுண்ட்ஸ் தாளை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஒரு பக்கத்தில் மகாராணியார். மறுபக்கத்தில் வெள்ளைத் தொப்பி அணிந்த ஒரு பெண்மணி. அவர் அருகே சிறிதாக ஒரு காட்சி: அதே பெண்மணி ஒரு புத்தகத்தை வாசிக்கிறார், சுற்றியிருக்கும் பெண்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஊருக்குப் பேசத் தொலைபேசி அட்டை வாங்கவும், பஸ்ஸுக்கும், பாலுக்கும் பாணுக்கும் நாம் அந்தத் தாளை ஆயிரம் தடவை கை மாற்றியிருக்கிறோம். அதில் இருந்தவர் யார் என்று கேட்டவர்கள் நம்மில் மிகக் குறைவு.

அவர் பெயர் எலிசபெத் ஃப்ரை. அந்தக் காட்சியில் அவரைச் சுற்றியிருப்பவர்கள் இலண்டன் நியூகேட் சிறைச்சாலையின் பெண் கைதிகள். அவரைப் பற்றி எழுத நமக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அவர் நம் அயலவர். இன்று தமிழ்க் கடைகள் நிறைந்திருக்கும் ஈஸ்ட் ஹாமில்தான் அவருடைய குடும்பம் இருபது ஆண்டுகள் வாழ்ந்தது. பிளாஷெட் ஹவுஸ் என்ற அந்த வீடு இப்போது இல்லை. பிளாஷெட் குரோவ், பிளாஷெட் றோட் என்ற தெருப்பெயர்களில் மட்டும் அது மிஞ்சியிருக்கிறது. இரண்டாவது காரணம், சிறை என்பது நம் வீடுகளுக்கு அந்நியமான சொல் அல்ல. சிறை வாசலில் காத்து நின்ற தாய்மாரை நாம் அறிவோம். உள்ளே இருப்பவரைப் பார்க்க வெளியிலிருந்து ஒருவர் வருவது என்றால் என்ன என்பதும் நமக்குத் தெரியும்.

எலிசபெத் 1780ஆம் ஆண்டு மே 21ஆம் திகதி இங்கிலாந்தின் கிழக்கே உள்ள நொரிச் நகரில் பிறந்தார். தந்தையார் ஜோன் கேர்னி, வங்கித் தொழில் செய்த செல்வந்தர். தாயார் கத்தரீன். பிள்ளைகள் நிறைந்த வீடு அது. எலிசபெத்துக்கு ஆறு வயதானபோது குடும்பம் நகருக்கு வெளியே ஏர்ல்ஹாம் ஹோல் என்ற பெரிய மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. பன்னிரண்டு வயதில் தாயை இழந்தார். சிறுவயதில் அவர் பயந்த பிள்ளை. இருட்டுக்குப் பயம், கடலுக்குப் பயம். படிப்பிலும் மந்தம் என்றே வீட்டார் எண்ணினார்கள். பிற்காலத்தில் இலண்டனின் காவலர்களே நுழையத் தயங்கிய இடத்துக்குள் தனியே போனவர் இந்தப் பிள்ளைதான்.

கேர்னி குடும்பத்தார் குவேக்கர் என்று அழைக்கப்படும் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். தங்களை நண்பர்கள் சங்கம் என்று சொல்லிக்கொள்ளும் இச்சபையினருக்கு அந்நாளில் சம்பளம் வாங்கும் குருவானவர் இல்லை. பாட்டும் பலிபீடமும் இல்லை. வழிபாட்டு மண்டபத்தில் எல்லோரும் மௌனமாக இருப்பார்கள். உள்ளத்தில் ஏவப்பட்டவர் எழுந்து பேசுவார். ஆணும் பேசலாம், பெண்ணும் பேசலாம். நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய மாட்டார்கள், ஆயுதம் எடுக்க மாட்டார்கள், பிரபுக்களைக் கண்டு தொப்பியைக் கழற்றவும் மாட்டார்கள்.

இந்தப் பழக்கங்களுக்காக பதினேழாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான குவேக்கர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். பின்னாளில் அமெரிக்காவில் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னும் நியூகேட் சிறையில் கிடந்தவர்தான். அப்போது சபையின் வேலைகளில் பாதி, உள்ளே இருப்பவர்களுக்குச் சாப்பாடு கொண்டு போவதும், சிறைப்பட்டோரின் பெயர்களைப் பதிவு செய்வதும், அவர்களின் பிள்ளைகளைப் பராமரிப்பதுமாகவே இருந்தது.

நூறு ஆண்டுகள் போயின. துன்புறுத்தல் ஓய்ந்தது. குவேக்கர்கள் வணிகத்தில் நேர்மைக்குப் பெயர் பெற்றார்கள். வங்கிகளும் தொழிற்சாலைகளும் நடத்தினார்கள். நொரிச் கேர்னிகளின் வீட்டில் ஆடலும் பாடலும் இருந்தன, அரச குடும்பத்து இளவரசர் ஒருவரே விருந்தாளியாக வந்து போனார். பாட்டனார் காலத்துச் சிறைக் கதைகள் குடும்பப் பெருமையாகப் பேசப்படும் அளவில் நின்றுபோயின. வசதியில் வளர்ந்த அடுத்த தலைமுறைக்கு அது எப்படி நேர்கிறது என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

1798ஆம் ஆண்டு, பதினேழு வயது எலிசபெத் ஊதா நிறச் சப்பாத்தும் அதில் சிவப்பு நாடாவுமாக நொரிச் வழிபாட்டு மண்டபத்தில் போய் இருந்தார். அன்று பேசியவர் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த வில்லியம் சேவரி. அந்தப் பேச்சைக் கேட்டு எலிசபெத் வழியெல்லாம் அழுதுகொண்டு வீடு திரும்பினார். அன்றிலிருந்து சிறிது சிறிதாக மாறினார். அலங்காரத்தை விட்டார், நடனத்தை விட்டார். ஏழைப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். எழுபது பிள்ளைகளுக்கு மேல் வந்தார்கள் என்று குடும்பத்தார் எழுதி வைத்திருக்கிறார்கள். சபையின் மூத்த பெண்மணி ஒருவர், இந்தப் பெண் குருடருக்கு ஒளியாகவும் ஊமையருக்குப் பேச்சாகவும் இருப்பாள் என்று முன்னறிவித்தார்.

1800ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஜோசப் ஃப்ரை என்ற குவேக்கர் வணிகரை மணந்து இலண்டனுக்கு வந்தார். நகரின் நடுவே, மில்ட்ரெட்ஸ் கோர்ட் என்ற இடத்தில் வீடு. அங்கேயே வியாபாரமும் நடந்தது. 1809இல் பிளாஷெட் ஹவுஸ் அவர்கள் கைக்கு வந்தது. அன்றைய ஈஸ்ட் ஹாம் வயலும் தோட்டமுமான கிராமம். ஏழை ஐரிஷ் குடியேற்றவாசிகள் அங்கே குடிசைகளில் வாழ்ந்தார்கள். எலிசபெத் அவர்களுக்குத் துணியும் மருந்தும் கொண்டுபோனார், பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை வைத்தார், பெரியம்மைக்குத் தடுப்பூசி போட்டார். இதற்கிடையே ஒன்றன்பின் ஒன்றாகப் பிள்ளைகள். மொத்தம் பதினொரு பேரைப் பெற்றார்.

1813ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நகர வீட்டில் இருந்த அவரைத் தேடி ஸ்டீபன் கிரெலெட் என்ற குவேக்கர் போதகர் வந்தார். இந்த மனிதரைப் பற்றி நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். அவர் பிரான்சில் பிரபு குடும்பத்தில் பிறந்தவர். புரட்சியின்போது உயிர் தப்பி நாட்டை விட்டு ஓடினார். தென்னமெரிக்கக் கரையில் சில காலம் ஒதுங்கி, பிறகு அமெரிக்கா சேர்ந்து, அங்கே குவேக்கர் ஆனவர். நம்முடைய மொழியில் சொன்னால் ஓர் அகதி. இலண்டனுக்கு வந்த இடத்தில் நியூகேட் சிறையைப் பார்க்கக் கேட்டார். பெண்கள் பகுதியில் அவர் கண்ட காட்சி அவரை நேரே எலிசபெத்தின் வீட்டுக்கு ஓட வைத்தது. கைக்குழந்தைகள் உடுப்பு இல்லாமல் குளிரில் கிடக்கிறார்கள் என்று சொன்னார். எலிசபெத் உடனே ஃபிளனல் துணி வாங்கினார், தெரிந்த இளம் பெண்களைக் கூட்டித் தைக்க வைத்தார். தைத்தவற்றை ஆள் மூலம் அனுப்பியிருக்கலாம். அவர் தாமே எடுத்துக்கொண்டு போனார். அனா பக்ஸ்டன் என்ற உறவுப் பெண் துணைக்கு வந்தார்.

அன்றைய நியூகேட்டில் இரண்டு கூடங்களிலும் இரண்டு அறைகளிலுமாக ஏறத்தாழ முந்நூறு பெண்களும் அவர்களின் பிள்ளைகளும் அடைக்கப்பட்டிருந்தார்கள். விளக்கமறியலில் இருப்பவர், தண்டனை பெற்றவர், தூக்குக்குக் காத்திருப்பவர் என்ற பிரிவு இல்லை. படுக்கை இல்லை. அதே தரையில் சமையல், துவைப்பு, உறக்கம். காவலுக்கு இருந்தவர்கள் ஆண்கள். காசு இருந்தவருக்கு மதுபானம் கிடைத்தது, காசில்லாதவர் கம்பி வழியே கை நீட்டிப் பிச்சை எடுத்தார்கள். உடம்பில் நோயுள்ளவர்கள் வைக்கோல்கூட இல்லாமல் கிடந்தார்கள். எலிசபெத் அந்தக் குளிர்காலத்தில் மூன்று தடவை போனார். குழந்தைகளுக்கு உடுப்பு அணிவித்தார், நோயாளருக்குக் கீழே விரிக்க வைக்கோல் வாங்கிக் கொடுத்தார். கடைசியாகப் போன நாளில் முழங்காலில் இருந்து செபித்தபோது கைதிப் பெண்கள் சிலர் அழுதார்கள்.

அதன் பிறகு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவர் அங்கே போகவில்லை. பெரியவர்களின் வாழ்க்கையை எழுதும்போது இப்படியான இடைவெளியைத் தாண்டிப் போவது நம் வழக்கம். ஆனால் இதில்தான் அவர் நமக்கு நெருக்கமாகிறார். இன்னும் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். சகோதரர் ஒருவர் இறந்தார். கணவரின் வியாபாரத்தில் பண நெருக்கடி வந்தது. 1815இல், தன் பெயரையே வைத்திருந்த நான்கு வயது மகளைப் பறிகொடுத்தார். நல்ல காரியம் ஒன்றைத் தொடங்கி, வீட்டுத் துயரத்தில் அதை விட்டுவிட்டு, மனதில் அது உறுத்த வாழ்ந்தவர்கள் நம்மிடையே பலர். எலிசபெத்தும் அப்படித்தான் இருந்தார்.

1816ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் அவர் திரும்பிப் போனார். அதிகாரிகள் தடுத்தார்கள். அந்தப் பெண்கள் அடித்துக்கொள்வார்கள், உடுப்பைக் கிழிப்பார்கள் என்றார்கள். கைக்கடிகாரத்தையாவது கழற்றி வைத்துவிட்டுப் போகும்படி சொன்னார்கள். அவர் கழற்றவில்லை. உள்ளே போனதும் காவலரை வெளியே அனுப்பிவிட்டுத் தனியே நின்றார். ஒரு பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, தாய்மாரிடம் ஒரே ஒரு விடயத்தைக் கேட்டார்: இந்தப் பிள்ளைகளுக்காக நாம் சேர்ந்து ஏதாவது செய்ய முடியாதா? அவர்களுடைய குற்றத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தானும் பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக அவர்களோடு பேசினார். முன்னர் கொண்டுபோன துணிகளைவிட இந்தக் கேள்விதான் அந்தக் கூடத்தை மாற்றியது.

பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டும் என்று பெண்கள் சொன்னார்கள். ஆசிரியை யார் என்பதை நீங்களே தெரிவு செய்யுங்கள் என்று எலிசபெத் விட்டுவிட்டார். அவர்கள் மேரி கொனர் என்ற இளம் பெண்ணைத் தெரிவு செய்தார்கள். கடிகாரம் ஒன்றைத் திருடிய குற்றத்துக்காக உள்ளே வந்தவர் அவர். வெறுமையாக இருந்த ஒரு சிறையறை வகுப்பறையானது. இடம் போதாமல் திருப்பி அனுப்பப்பட்ட வளர்ந்த பெண்கள், தங்களுக்கும் எழுத்துச் சொல்லித் தாருங்கள், ஏதாவது வேலை தாருங்கள் என்று வாசலில் நின்று கெஞ்சினார்கள். மேரி கொனர் தன் பணியைச் சிறப்பாகச் செய்தார். பிறகு மன்னிப்பும் கிடைத்தது. ஆனால் அதை அனுபவிக்க அதிக காலம் இருக்கவில்லை, காச நோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

1817ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் எலிசபெத்தும் அவருடைய தோழியரும் நியூகேட் பெண் கைதிகளின் முன்னேற்றத்துக்கான சங்கத்தைத் தொடங்கினார்கள். ஒரு குருவானவரின் மனைவியைத் தவிர எல்லோரும் குவேக்கர்கள். ஒவ்வொரு நாளும் ஒருவராவது சிறைக்குப் போவது, பெண்களுக்குப் பொறுப்பாக ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைப்பது, தையல் வேலை கொடுத்து அதை விற்று வருமானத்தை அவர்களுக்கே சேர்ப்பது என்று திட்டமிட்டார்கள்.

விதிகளும் எழுதினார்கள். பிச்சை எடுக்கக் கூடாது, தூஷணம் பேசக் கூடாது, சீட்டாட்டம் கூடாது, சண்டை கூடாது. கைதிகளை ஒன்றுகூட்டி ஒவ்வொரு விதியாக வாசித்து, இதற்குச் சம்மதமா என்று கேட்டார்கள். சம்மதமானால் கையை உயர்த்த வேண்டும். எல்லா விதிகளும் அப்படியே நிறைவேறின. பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று கண்காணிப்பாளரையும் அவர்களிலிருந்தே தெரிவு செய்தார்கள். இங்கிலாந்தில் எந்தப் பெண்ணுக்கும் பாராளுமன்றத் தேர்தலில் வாக்கு இல்லாத காலம் அது. அதற்கு நூறு ஆண்டுகளுக்குப் பிறகுதான் அந்த உரிமை வந்தது. நியூகேட் கூடத்தில் திருட்டுக் குற்றவாளிகள் என்று ஒதுக்கப்பட்ட பெண்கள், தம்மை ஆளும் விதிகளுக்குத் தாமே கையுயர்த்தினார்கள்.

சில வாரங்களில் நகர முதல்வரும் அதிகாரிகளும் வந்து பார்த்தார்கள். இது நடக்காது என்று முன்னர் சொன்னவர்களே, இதைச் சிறையின் ஒழுங்காக ஏற்றுக்கொண்டு பொறுப்பாளரின் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தரவும் முன்வந்தார்கள். நாள்தோறும் மணி அடித்ததும் பெண்கள் வரிசையாக அமர்வார்கள், வேதாகமம் வாசிக்கப்படும், பிறகு வேலை தொடங்கும். எலிசபெத்தின் குரல் மிக இனிமையானது என்று கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பிரபுக்களும் வெளிநாட்டுத் தூதுவர்களும் அதைக் கேட்கவென்றே நியூகேட்டுக்கு வந்தார்கள். இதில் ஒரு குறையும் உண்டு. கைதிகள் வேடிக்கைப் பொருளானார்கள் என்று அன்றே சிலர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருந்தது. பெரியவர்களின் கண்ணில் பட்டால்தான் சட்டம் மாறும் என்பதில் எலிசபெத்துக்கும் நியாயம் இருந்தது.

அந்நாளில் இங்கிலாந்தில் 200க்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை இருந்தது. கள்ளநோட்டை மாற்றுவதும் அவற்றில் ஒன்று. நெப்போலியன் போர்க்காலத்தில் இங்கிலாந்து வங்கி ஒரு பவுண்ட், இரண்டு பவுண்ட்ஸ் தாள்களை அச்சிட்டது. அவற்றைப் போலியாகச் செய்வது எளிது. எழுதப் படிக்கத் தெரியாத ஏழைகள்தான் பெரும்பாலும் அவற்றோடு பிடிபட்டார்கள். யாரைத் தூக்குத்தண்டனைக் குற்றச்சாட்டில் நிறுத்துவது, யாரைக் குறைந்த குற்றத்தை ஒப்புக்கொண்டு நாடுகடத்தலோடு தப்ப விடுவது என்பதை வங்கியின் வழக்கறிஞர்களே தீர்மானித்தார்கள்.

1818இல் ஹாரியட் ஸ்கெல்ற்றன் என்ற பெண்ணுக்கு இந்தக் குற்றத்துக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது. கணவரின் வற்புறுத்தலால் தாள்களை மாற்றியவர். சிறையில் அமைதியாக, எல்லோருக்கும் உதவியாக இருந்தவர். எலிசபெத் அவரைக் காப்பாற்ற ஓடித் திரிந்தார். பழைய குடும்ப நண்பரான குளொஸ்ரர் கோமகனைத் தூக்குக் கைதியின் அறைக்கே அழைத்து வந்து காட்டினார். வங்கி இயக்குநர்களிடம் போனார். உள்துறை அமைச்சர் சிட்மத் பிரபுவிடம் மன்றாடினார். அமைச்சர் கோபப்பட்டதுதான் மிச்சம், அதன் பிறகு அவர் எலிசபெத்துக்கு முகம் கொடுக்கவில்லை. அந்த ஏப்ரல் மாதம் ஹாரியட் தூக்கிலிடப்பட்டார். அந்தப் பெண்களின் கடைசி நேரங்களில் பக்கத்தில் இருந்தவர் எலிசபெத். 1829க்குப் பிறகு இக்குற்றத்துக்காக இங்கிலாந்தில் யாரும் தூக்கிலிடப்படவில்லை. ஹாரியட்டுக்கு அது உதவவில்லை.

அதே 1818இல் பாராளுமன்றக் குழு ஒன்று இலண்டன் சிறைகளைப் பற்றிச் சாட்சியம் சொல்ல எலிசபெத்தை அழைத்தது. ஒரு பெண் அப்படி அழைக்கப்படுவது அதுவரை கேள்விப்படாத விடயம். இடநெருக்கடி, உடுப்பின்மை, வேலையின்மை, ஆண் காவலர் என்று தான் கண்டதைக் கணக்கோடு சொன்னார். 1823இல் வந்த சிறைச் சட்டம், பெண் கைதிகளைத் தனியாக வைக்கவும், பெண்களே அவர்களுக்குக் காவலாக இருக்கவும் வழி செய்தது. எல்லாச் சிறைகளுக்கும் அது பொருந்தவில்லை, மேற்பார்வைக்கு அப்போது ஆட்களும் நியமிக்கப்படவில்லை. ஆனாலும் இன்று நாம் சாதாரணமாக எண்ணும் ஒரு விதி அங்கேதான் சட்டமாகியது. பெண்களைப் பெண்களே காவல் செய்ய வேண்டும் என்பதன் பெறுமதியை, தடுப்புக் காவலில் இருந்து வந்த நம் பெண்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அடுத்தது கப்பல்கள். அவுஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்படும் பெண்களை விலங்கிட்டு, திறந்த வண்டிகளில் துறைமுகத்துக்குக் கொண்டுபோவார்கள். வீதியோரம் சனங்கள் கூடிச் சேற்றை எறிவார்கள். அந்த அவமானத்துக்குப் பயந்து, போகும் நாளுக்கு முதல் இரவு கைதிகள் கண்ணில் பட்டதையெல்லாம் உடைத்துக் கலகம் செய்வது வழக்கமாயிருந்தது. எலிசபெத் சிறைத் தலைவரோடு பேசி, மூடிய வண்டிகளை ஒழுங்கு செய்தார். பின்னால் தன் வண்டியில் தானும் போனார். அன்று கலகம் நடக்கவில்லை. கப்பல் புறப்படும்வரை ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்தார். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அவரும் தோழியரும் 106 கப்பல்களில் 12,000 கைதிகளைச் சந்தித்தார்கள் என்று கணக்குச் சொல்கிறது.

புறப்படும் ஒவ்வொருவருக்கும் ஒரு பை கொடுத்தார்கள். வேதாகமம், ஏப்ரன், தொப்பி, ஊசி, நூல், கத்தரிக்கோல், ஒட்டுத்தையலுக்கு வண்ணத் துணித்துண்டுகள். பல மாதக் கடல் பயணத்தில் கைக்கு வேலை வேண்டும், இறங்கும் இடத்தில் விற்பதற்கு ஏதாவது வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். 1841இல் ரஜா என்ற கப்பலில் போன பெண்கள் அப்படி ஒரு பெரிய போர்வையைத் தைத்து முடித்தார்கள். துணி தந்த பெண்மணிகளுக்கு அதிலேயே நூலால் நன்றி எழுதினார்கள். தஸ்மேனியாவில் கரை சேர்ந்த அந்தப் போர்வை இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, காலப்போக்கில் மறக்கப்பட்டு, நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்கொட்லாந்தில் கண்டெடுக்கப்பட்டது. இன்று கன்பராவில் அவுஸ்திரேலியத் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. ஒரு சிறிய பையோடு திரும்பி வர முடியாத கடல் பயணம் போனவர்களின் கைவேலை அது. அவுஸ்திரேலியாவில் வாழும் நம் உறவுகள் அது காட்சிக்கு வைக்கப்படும் காலத்தில் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும்.

எலிசபெத்தின் வீட்டு வாழ்க்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைகளை விட்டுவிட்டுக் கைதிகளிடம் ஓடுகிறார் என்று சபைக்குள்ளேயே பேசினார்கள். வளர்ந்த பிள்ளைகள் பலர் சபைக்கு வெளியே திருமணம் செய்து விலகிப் போனார்கள். அது அவருக்கு ஆறாத மனவருத்தம். உடல் நலமும் அடிக்கடி குன்றியது. மனச்சோர்வும் பயமும் கடைசிவரை விடவில்லை என்பதை அவருடைய நாட்குறிப்புகள் காட்டுகின்றன. 1828ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கணவரின் வங்கி முறிந்தது. வங்கியை நம்பியிருந்தவர்கள் பணத்தை இழந்தார்கள். குவேக்கர் சபை ஜோசப் ஃப்ரையை நீக்கியது. மனைவியின் தர்மச் செலவுதான் வங்கியை விழுத்தியது என்ற கதையும் பரவியது. பிளாஷெட் வீட்டை விட்டு, சகோதரர்களின் உதவியோடு அப்டன் லேனில் சிறிய வீடொன்றுக்குப் போனார்கள். இன்றைய ஃபொரஸ்ட் கேட் பக்கம்.

முகத்தை மறைத்துக்கொண்டு வீட்டில் இருந்திருக்கலாம். சில மாதங்களில் அவர் மறுபடி சிறை வாசலுக்குப் போனார். செல்வச் சீமாட்டியாகப் போனவர், இப்போது கடனில் விழுந்த வீட்டுக்காரியாகப் போனார். உள்ளே இருந்தவர்களில் எத்தனை பேர் கடனாலும் வறுமையாலும் அங்கே வந்தவர்கள் என்பது அவருக்கு முன்னரைவிட நன்றாகப் புரிந்திருக்க வேண்டும். பிரான்ஸ், ஜேர்மனி, டென்மார்க் என்று ஐரோப்பா முழுவதும் சிறைகளைப் பார்த்தார். நோயாளரைப் பராமரிக்கத் தாதியரைப் பயிற்றும் நிறுவனம் ஒன்றை 1840இல் இலண்டனில் தொடங்கினார். கைதிகளைத் தனித்தனி அறையில் பேச்சுத்துணை இல்லாமல் அடைத்தால் திருந்துவார்கள் என்ற புதிய கொள்கையை எதிர்த்தார். மனிதரைத் தனிமையில் வைத்தால் மனம் சிதையும் என்று எச்சரித்தார். அரசு கேட்கவில்லை, அந்த முறையிலேயே புதிய சிறைகள் எழுந்தன. 1842இல் பிரஷ்யா மன்னர் நியூகேட்டில் அவர் வாசிப்பைக் கேட்டுவிட்டு, அப்டன் லேன் வீட்டுக்கு வந்து உணவருந்திப் போனார்.

1845ஆம் ஆண்டு ஒக்ரோபர் 12ஆம் திகதி, சிறு வயதில் பயந்த அதே கடலின் கரையில், ராம்ஸ்கேட் என்ற ஊரில் காலமானார். வயது 65. பார்க்கிங் குவேக்கர் மயானத்தில் அடக்கம் நடந்தது. ஆயிரம் பேருக்கு மேல் கூடி, சபையின் வழக்கப்படி மௌனமாக நின்றார்கள். ஈஸ்ட் ஹாமிலிருந்து அது வெகு தூரம் இல்லை.

நியூகேட் சிறையை 1902இல் இடிக்கத் தொடங்கினார்கள். ஓல்ட் பெய்லி நீதிமன்றம் இன்று அந்த இடத்தில் நிற்கிறது. கனடாவில் 1939இல் வன்கூவரில் தொடங்கி, பல நகரங்களில் அவர் பெயரில் சங்கங்கள் சிறைப்பட்ட பெண்களுக்காக வேலை செய்கின்றன. ஹாரியட்டைத் தூக்கிலிட வைத்த அதே இங்கிலாந்து வங்கி, ஹாரியட்டுக்காக மன்றாடிய பெண்ணின் முகத்தைத் தன் தாளில் அச்சிட 184 ஆண்டுகள் எடுத்தது. ஹாரியட்டின் பெயர் அந்தத் தாளில் இல்லை. ஆனால் சிறிய காட்சியில் இருக்கும் பெண்களில் ஒருத்தியாக நாம் அவரை நினைத்துக்கொள்ளலாம்.

எலிசபெத் வானத்திலிருந்து வந்தவர் அல்லர். சிறையை அனுபவித்து, தப்பி, வசதியாகி, அதை மறக்கத் தொடங்கிய ஒரு சமூகத்தின் பிள்ளை. அவருக்கு அதை ஞாபகப்படுத்தியவர் ஓர் அகதி. நாமும் இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறோம். ஒரு தலைமுறை சிறையையும் முகாமையும் தாண்டி வந்தது. அடுத்த தலைமுறை வீடு வாங்கி, பட்டம் பெற்று, நல்ல நிலையில் இருக்கிறது. அது மகிழ்ச்சியான விடயம். ஆனால் ஊரிலும், நாம் வாழும் இந்த நாடுகளின் சிறைகளிலும் குடிவரவுத் தடுப்பு நிலையங்களிலும் இன்றைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் நம் மொழி பேசுபவர்களும் உண்டு, யாருடைய மொழியும் விளங்காமல் தனியே இருப்பவர்களும் உண்டு.

அவர்களுக்குப் பணம் அனுப்பலாம், உடுப்பு அனுப்பலாம். அதுவும் தேவைதான். எலிசபெத் ஃப்ரை ஃபிளனல் துணியை ஆளிடம் கொடுத்தனுப்பாமல் தாமே எடுத்துப் போனார். போன இடத்தில், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். சொன்னதைச் செய்தார், பிறகும் போனார். நம் பகுதியில் சிறைகளுக்கும் தடுப்பு நிலையங்களுக்கும் போய் வரும் குழுக்கள் இருக்கின்றன. தேவாலயங்கள் சில அதைச் செய்கின்றன, மதம் சாராதவர்களும் செய்கிறார்கள். தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஒருவர் மாதத்தில் ஒரு பின்னேரம் போய் இருந்து பேசிவிட்டு வந்தாலே, உள்ளே இருக்கும் ஒருத்திக்கு அந்த மாதம் வேறாக இருக்கும். அடுத்த தடவை ஈஸ்ட் ஹாமில் மரக்கறி வாங்கப் போகும்போது பிளாஷெட் என்ற பெயர்ப் பலகை கண்ணில் பட்டால், பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். நம் வீட்டுச் சிறைக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.